நாலு புள்ளி

பெரியாஸ்பத்திரி, எம்.ஆர்.ஐ. அறை வாசல்.
காப்பு, கொலுசு, அந்தோனியார் பதக்கம்
எல்லாம் கழற்றி ஒரு கிண்ணத்தில்.
மருந்து குடித்து உறங்குகிறாள் ஷெரோமி,
வயது இரண்டரை, குருநகர்.

காதுறையை மாட்டுகிறேன்.
"இவளுக்கேன் மிஸ் அது?"
தாய் கேட்டதில் கேலியில்லை.
முறை, என்றேன்.
வேறென்ன சொல்ல.

தகரத்தில் சம்மட்டி விழுந்தாற்போல
தொடங்கியது இயந்திரம்.
போன கிழமை ஒரு பெடியன்
இதே மருந்தைக் குடித்தும் விழித்து வீரிட்டான்.
இவளுக்கு இமைகூட அசையவில்லை.
அசையாத பிள்ளையென்றால் படம் வடிவாய் வரும்.
அதற்கு மகிழ்ந்துவிட்டு
என்னையே ஒருக்கால் திரும்பிப் பார்த்தேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தகப்பன் றெஜினோல்ட்,
சங்கு குளிக்கிறவன்.
அவனுடைய வலது காதைக் கடல் எடுத்துப்
பதினொரு வருசம்.
"நான் ஆழத்துக்கு இறங்கினதாலயோ?"
மூன்று தரம் கேட்டுவிட்டான்,
ஒவ்வொரு தரமும் பதிலுக்காக
இடது காதைத் திருப்பி.

இல்லை.
வயிற்றில் ஏழாவது கிழமை,
சுருண்டுகொண்டு வந்தது நின்றுபோனது.
ஏனென்று படத்தில் எழுதியிராது.

திரையில் நத்தைச்சுருள்.
இரண்டரைச் சுற்று இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றரை. அதற்கு மேலே சுவரில்லை,
ஒரே பள்ளம்.
விரலை வைத்து அவனே எண்ணினான்.
"அளவு குறைஞ்சால் நாங்கள்
திரும்பக் கடலில விட்டிடுவம்."
சொன்ன வாயை
உடனே பொத்திக்கொண்டான்.

குறுக்கே வெட்டிய படங்களுக்குப் போனேன்.
எலும்புக் குழாயின் வெள்ளை வட்டத்துக்குள்
நாலு நரம்பு, நாலு கறுப்புப் புள்ளி தெரியவேண்டும்:
முகத்துக்கு ஒன்று,
தள்ளாடாமல் நிற்க இரண்டு,
கேட்க ஒன்று.

வலப்பக்கம் மூன்று.
திரும்ப எண்ணினேன்.
மூன்றுதான்.

இடப்பக்கம்
வெளிச்சத்தைக் கூட்டி, குறைத்து,
ஒரு படம் பின்னுக்கு, ஒன்று முன்னுக்கு,
மூச்சை விட மறந்துபோய்
கீழ் முன்மூலையில்,
குண்டூசித் தலையிலும் சின்னதாய்,
இருக்கிறமாதிரி ஒன்று.

அது போதுமா, கருவி பொருத்தலாமா,
டொக்டர் பிரபாலினி சொல்லவேண்டும்.
படம் எடுப்பது மட்டும்தான் என் வேலை.
"புதன்கிழமை வாங்கோ," என்றேன்,
முகத்தைக் கணினிப் பக்கம் வைத்துக்கொண்டு.

கிண்ணத்தைக் கொடுத்தேன்.
தாய் கொலுசைப் பூட்டும்போது
மருந்து மயக்கத்தில் காலை உதறினாள் பிள்ளை.
எழும்பிய சின்னச் சத்தத்துக்கு
றெஜினோல்ட் தலையைத் திருப்பினான்,
இடப்பக்கமாய்.