நீலத்தாள்

மூன்றாவது முறையாக உடைந்த கிரவுனைக்
கொள்முதல் ரசீதில் மடித்து எடுத்து வந்தார்
வடுவூர் நெல் கொள்முதல் நிலையத்து பில் கிளார்க்
சம்மனசு.
"நல்ல பசையாப் போட்டு ஒட்டிருங்க டாக்டர்."

ஒட்டவில்லை.
நீலத்தாளை இடையில் வைத்துக்
கடிங்க என்றேன். திறங்க. இன்னொரு தரம்.
உடைந்தது இடது கீழ்.
கறை விழுந்ததோ வலது மேல் கடைசிப் பல்லில்,
ஒற்றைப் பொட்டாய்.
அங்கே முட்டித்தான் தாடை
ஒரு நூல் சறுக்கி இடப்பக்கம் இறங்குகிறது,
நிரவாத வயலில் தண்ணீர்
பள்ளம் பார்த்துப் போவதுபோல.

முன்பற்கள் பாதி தேய்ந்திருந்தன.
ராத்திரி பல் கடிப்பீங்களா?
"தூங்குறவனுக்கு என்ன தெரியும்?
வீட்டுல அரவை மில்லுங்கிறா."

ஆறு வாரம் அக்ரிலிக் தட்டு மட்டும்.
டிரில்லைத் தொடவே இல்லை.
ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய தடத்தைத்
தசை முதலில் மறக்க வேண்டும்.

பிறகு பிளாஸ்டர் அச்சில் மெழுகேற்றி
தேய்ந்துபோன உயரத்தைக் கட்டினேன்.
ஒரு மில்லி கூடிவிட்டது, என் தப்பு.
"என் பேரச் சொன்னாலே பல்லு தட்டுது டாக்டர்,
ச-வுல ஒரு தட்டு, சு-வுல ஒரு தட்டு."
குறைத்தேன். சொல்லச் சொன்னேன்.
குறைத்தேன்.

தையில் வந்தார். தட்டைக் கழுவி நீட்டினார்.
விளக்கில் சாய்த்துப் பார்த்தால்
நாலு புதுக் கீறல், ஆழமாய்.

"போன வாரம் மழை.
மூவாயிரம் மூட்டை வெளியில.
தார்ப்பாய் பத்தல."

பல்லில் கீறல் இல்லை.
தட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.