நான்காவது கட்டம்

கொசப்பேட்டை சபையின் ஜெப விண்ணப்ப நோட்டு
இரண்டு வருடமாக என் கையெழுத்தில் இருக்கிறது.
எஸ்றா என்று பெயர் வைத்தால்
எழுத்து வேலையைத் தலையில் கட்டிவிடுகிறார்கள்.
நீள நோட்டு, சிவப்புத் துணி முதுகு,
மூன்று கட்டம்: தேதி, பெயர், விண்ணப்பம்.

நான்காம் செமஸ்டர், புள்ளியியல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி
ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டேன்.
தலைப்பு: பதில்.
திருட்டுத்தனம்தான்.
பென்சிலில்தான் போட்டேன்.

இருநூற்றுப் பதினேழு வரிகள்.
விசா, வீட்டுப் பத்திரம்,
ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் நிறுத்திவைத்த சம்பளம்,
கர்ப்பத்தின் கனி, குடிக்கிற மருமகன்,
பெயர் தெரியாமல் வார்டும் படுக்கை எண்ணும் மட்டும்
எழுதிப்போன எத்தனையோ பேர்.
காந்தி ரோட்டு லாட்ஜிலிருந்து ஒரு வங்காளத்துக்காரர்
செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து
தன் மொழியிலேயே ஒரு வரி எழுதினார்.
அதற்கும் சபையாக ஆமென் சொன்னோம்.
என்ன கேட்டாரென்று இன்றுவரை தெரியாது.

டிக். பெருக்கல். கேள்விக்குறி.
கூட்டிப் பார்த்தால்
யாரும் முழங்கால் போடாமலே
எவ்வளவு நடந்திருக்குமோ
அவ்வளவுதான் நடந்திருந்தது.
சுகமானவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கையோடு
மைக் முன்னால் சாட்சி சொல்ல வருகிறார்கள்.
செத்தவர்கள் மைக்குக்கு வருவதில்லை.
நான் கண்டுபிடித்ததல்ல இது,
பாடப்புத்தகத்தில் ஒரு பாரா.
அதைப் படித்த நாளிலிருந்து
ஞாயிறு ஆராதனையில் வாய் அசைகிறது,
சத்தம் வருவதில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு பழைய நையாண்டி உண்டு:
ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்,
தண்ணீர் இல்லாத ஆறு.
கூடவே
விசுவாசம் இல்லாத வாலிபர் ஐக்கியச் செயலாளர்
என்று பெர்சிஸிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
"கோயிலுக்குச் சாமி எண்பத்தொன்றிலேயே வந்தாச்சு.
ரெண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பரில்
பாலாறு ரெண்டு கரையும் தொட்டுப் போச்சு.
உன் லிஸ்ட் பழசு."
இது ஒரு வாதமே இல்லை என்றேன்.
"வாதம்னு யார் சொன்னது?"
ஸ்டாண்டைத் தட்டிவிட்டு
ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

அவள் தம்பி நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறான்.
யோவேல், வயது பதினொன்று, சிறுநீரகம்.
நான் போட்ட பெருக்கல் குறிகளிலேயே
கொஞ்சம் அழுத்தி விழுந்தது அதுதான்.
அடுத்த பக்கத்தில் விரலை வைத்தால்
இப்போதும் தட்டுப்படும்.

போன சனி இரவு.
வெஸ்ட்ரி டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது.
மறுநாள் வாசிக்கிற பட்டியலுக்காக நோட்டைத் திறந்தேன்.
கடைசி வரி என் கையெழுத்தில்லை.
பெயர்: எஸ்றா.
விண்ணப்பம்: அவனுக்குச் சத்தம் திரும்பி வர.
'வ'வின் வயிற்றை இப்படிப் பெருக்க வைப்பவள்
எங்கள் சபையில் ஒருத்திதான்.

நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினேன்.
பிறகு இந்தப் பக்கத்தை.
இரண்டும் ஒரே கை. ஒரே நீல மை.
என் பாடப்புத்தகத்தில் இதற்குப் பாரா இல்லை,
அல்லது நான் இன்னும் அந்த அத்தியாயத்துக்குப் போகவில்லை.

ஞாயிறு மைக்கில் வரிசையாக வாசித்தேன்.
ஒரு ஆபரேஷன், ஒரு இடமாற்றம்,
காட்பாடியில் பிடிபடாத ஒரு காய்ச்சல்.
கடைசியில் எஸ்றா என்றேன்.
எந்த எஸ்றா என்று யாரும் கேட்கவில்லை.
வங்காளத்துக்காரருக்குச் சொன்ன அதே ஆமென்
அதே சுருதியில்.

ஆராதனை முடிந்து
நான்காவது கட்டத்தில் பென்சிலை வைத்தேன்.
மாதிரி ஒன்றே ஒன்று.
அதுவும் கணக்குப் போடுகிறவனே.
மைக்கில் வாசித்தபோது சத்தம் வந்ததே,
அதைச் சேர்ப்பதா கூடாதா?

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
ஜன்னல்களைச் சாத்தப் போனேன்.
கடைசி ஜன்னல் எப்போதும் போல
பாதியில் இறுகிக்கொண்டது.