பத்தொன்பது மாதம்

சின் மிங் பட்டறையில் ஹாக் செங்
பிஸ்டனைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பிரித்துக் கட்டினால் நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி,
மூன்று வாரம்.
ஜப்பானில் கழற்றிய இன்ஜின் என்றால் மூவாயிரம்,
வியாழக்கிழமையே ஓடும்.
யார் ஓட்டிக் களைத்ததென்று கேட்கக் கூடாது.

சிஓஇ முடியப் பத்தொன்பது மாதம்.
பிரித்துக் கட்டியது பத்து வருடம் தாங்குமாம்.
எந்த வண்டியில் என்று இருவரும் பேசவில்லை.

"இன்னுமா முடிவு பண்ணல?"
போனில் மரகதவல்லி,
பின்னால் பஸ் கதவு மூடும் சத்தம்.

சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டினேன்.
ஓரிடத்தில் தட்டியது.
எண்ணெய் விளக்கு எரிவதைப் பார்க்காதிருக்க
அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி
இரண்டு மாதம் ஓட்டியவன் நான்.
டேப்பை ஹாக் செங் பார்த்திருப்பார்.

"பிரித்தே கட்டுங்க."

அவர் விலையை மறுபடி சொன்னார்,
இந்த முறை மெதுவாக.