க-வில் தொடங்கும் எல்லாம்

பாம்பன் தெற்குவாடியில்
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
வலை அடுக்கும் கொட்டகை.
மாலை ஐந்தரைக்குப் பாய் விரிப்போம்
நானும் சகுபரும்.
நான் பி.காம். இரண்டாம் ஆண்டு,
ஒரு பேப்பர் பாக்கி.
அவன் ஐடிஐ முடித்துவிட்டு
படகு எஞ்சின்களுக்கு ஆயில் மாற்றுகிறான்.
எங்களை மிஸ் என்றும் சார் என்றும் கூப்பிட
பதினோரு பிள்ளைகள்.
முதல் வாரம் சிரிப்பு வந்தது.

பயிற்சியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்.
எழுத்து, சொல், வரி, பத்தி, கதை.
எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ
அந்தக் கட்டத்தில் ஒரு டிக்.

கிளாட்வினுக்கு எங்கே போடுவது?
மூன்றாம் வகுப்பு.
எஞ்சின் சத்தத்தை வைத்தே
வருவது யார் படகென்று சொல்வான்.
புத்தகத்தைத் திறந்தால் மட்டும்
க-வில் தொடங்கும் எல்லாம்
அவனுக்குக் கடல்.

கல், கடல்.
கதவு, கடல்.
கழுதைக்குப் படமே போட்டிருக்கிறது.
படத்தைப் பார்த்தான்,
எழுத்தைப் பார்த்தான்,
பிறகு என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்து
"கடல்" என்றான்.

சகுபருக்கு எதுவும் பெரிதில்லை.
ரமீஸா மழையை மளை என்று வாசித்தால்
"எங்க வீட்டுலயும் அதுதான் பெய்யுது, மேல படி" என்பான்.
எனக்கு அது வராது.
ஒரு நாள் புத்தகத்தை மூடி
கிளாட்வின் தலையில் தட்டிவிட்டேன்.
மெதுவாகத்தான்.
மெதுவாகத்தான் என்று
நான் படித்த காலத்திலும்
யாராவது சொல்லியிருப்பார்கள்.

நான்கு நாள் அவன் வரவில்லை.
ஐந்தாம் நாள் தேடிப் போனேன்.
கரையில் குந்தியிருந்து
நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.
ஒரு கண்ணி, அப்புறம் அடுத்த கண்ணி.
நானும் ஒரு நண்டைப் பிடித்து இழுத்தேன்.
"இழுக்காதிய மிஸ்,
காலு ஒடிஞ்சா வெல போவாது."
வேறெதுவும் பேசவில்லை.
மன்னிப்பு கேட்கத்தான் போயிருந்தேன்.
கேட்காமல்
மீன்வாடையோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் வந்து
பாயின் கடைசியில் உட்கார்ந்தான்.
ஒரு தீப்பெட்டியைச் சொல்லின் மேல் வைத்து மூடினேன்.
"நீயே நகர்த்து. தெரியிறத மட்டும் சொல்லு."
க.
கொஞ்சம் நகர்த்தினான்.
கத.
யாரோ ஏமாற்றிவிட்டதுபோல முகம்.
"அப்ப இது கடல் இல்லயா?"
இல்லை.
"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"
முழுதாய்த் திறந்து, கதவு என்றான்.
கோபமாகத்தான் சொன்னான்.

அதன் பிறகு எதையும் அவன் நம்புவதில்லை.
கப்பலைச் சந்தேகப்பட்டான்,
கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டான்,
தன் பெயரையே ஒருமுறை மூடி மூடித் திறந்தான்.
சொல்லா, வரியா என்று
சகுபர் தாளை நீட்டுகிறான்.
நான் இன்னும் டிக் போடவில்லை.

ஐப்பசியில் ஒரு விடிகாலை,
டோக்கன் ஆபீஸ் சுவரில்
புதிதாய் ஒரு நோட்டீஸ், பசை காயாமல்.
குழாயடிக்குப் போன நான் நின்றுவிட்டேன்.
கவிழ்த்த மீன்பெட்டி மேல் ஏறி நிற்கிறான் கிளாட்வின்.
"அப்பா, தீப்பெட்டி குடு."
பீடியை வாயிலிருந்து எடுத்து
எதற்கென்று தெரியாமல் கொடுத்தார் அவர்.

க.
கட.
கட... லு.
திரும்பி அப்பாவைப் பார்த்தான்.
"கடல்தாம்ப்பா. இது நெசமாவே கடல்தான்."

கடலுக்குச்
செல்
செல்ல

சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.
என்ன போட்டிருக்கிறதென்று
ராத்திரியே போனில் வந்துவிட்டது எல்லோருக்கும்.
வாடைக்காற்று சொல்லாததையா
நோட்டீஸ் சொல்லப்போகிறது.
ஆனாலும் ஒருவரும் நகரவில்லை.
"டேய், அது வந்து" என்று ஆரம்பித்தவரின் கையை
பக்கத்திலிருந்தவர் பிடித்து அழுத்தினார்.

வே
என்றான்.
வேண்
தீப்பெட்டிக்குள் குச்சிகள் குலுங்குகின்றன.
பற்ற வைக்காத பீடியோடு
அவன் அப்பா நிற்கிறார்.