உரிமையாளர் பெயர்

முன்வாசலில் மணி இருக்கிறது.
பின்வாசலில் நான்.

பத்தூமியில் இது பதினோராவது மழைநாள்.
உலர்த்தியின் வயிற்றுக்குள் துண்டுகள்
முனகிக்கொண்டே சுற்றுகின்றன.
வெள்ளைத் துண்டில் கறுப்பு முடி,
என் கறுப்பு ஸ்வெட்டரில் வெள்ளை முடி.
எதிர்நிறம் தேடி ஒட்டுவதென்று
சபதம் எடுத்த முடிகள்.

முன்னறையில் டாக்டர் த்ஸோத்னே
"வலி தெரியாது" என்கிறார் யாரிடமோ.
சுவருக்கு இந்தப் பக்கம்
சில்லிட்ட சலைன் பையை
அக்குளில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டு
தொலைபேசியை எடுக்கிறேன்.
ஆமாம், உங்கள் பூனை சாப்பிட்டது.
இல்லை, என்னைக் கடிக்கவில்லை.
(கடித்தது.)

இங்கே உறைபெட்டிகள் இரண்டு.
ஒன்றில் பனிக்கட்டிப் பைகளும்
என் கின்காலிக் கொழுக்கட்டைகளும்.
மற்றதைத் திறக்கும்போது
நாங்கள் பேசுவதில்லை.

மதியம் மூன்று மணிக்கு
பின்கதவை உதைத்துத் திறந்தவர்
மினிபஸ் ஓட்டுநர் அவ்தாந்தில்.
கையில் அவருடைய மழைக்கோட்டு,
கோட்டுக்குள் நாய்,
காதில் மஞ்சள் வில்லை: 4417.
ஊசி போட்டு, கருத்தடை செய்து
நகராட்சி தெருவுக்கே திருப்பிக் கொடுத்த நாய்.
வெளியே பஸ்ஸில் பதினான்கு பயணிகள்.
ஒருவரும் ஹாரன் அடிக்கச் சொல்லவில்லை.

உரிமையாளர் பெயர்? என்றேன்.
"என்னுடையது இல்லை. ரொட்டிக்கடையுடையது."
ரொட்டிக்கடை த்ஸியாலா போனில்:
"எங்களுடையதா? அது தூங்குவது
மருந்துக்கடை வாசலில் அல்லவா?"
மருந்துக்கடையில்:
"மத்தியானம் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும், அங்கே கேளுங்கள்."
பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை எடுத்து
"லோபியோவுக்கு என்ன ஆச்சு?" என்று
அழ ஆரம்பித்துவிட்டது.

யாருடையதும் இல்லாத நாய்க்கு
மாலைக்குள் பணம் வந்து சேர்ந்தது.
மாவு படிந்த இருபது லாரி நோட்டுகள்,
மருந்துக்கடை உறை ஒன்று,
ஊறுகாய் வாடை போகாத ஜாடியில்
பிள்ளைகளின் சில்லறை.

வலது பின்னங்காலைக் காப்பாற்ற முடியவில்லை.
டாக்டர் கையுறை கழற்றி வெளியே போனார்,
ஜன்னலோரம் நின்றார்.
மிச்சம் என் வேலை.
தராசில் வைத்தேன். கழிவுப் பதிவேட்டில் எழுதினேன்:
கால், ஒன்று. ஒரு கிலோ முந்நூறு கிராம்.
எவ்வளவு தெரு நடந்தது என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

இரவு.
மயக்கம் தெளிகிற நாய் போடும் சத்தம்
வலியும் அல்ல, பயமும் அல்ல.
யாரோ அதைத் தப்பான உடம்பில்
எழுப்பிவிட்ட மாதிரி.
தரையில் அதன் உயரத்துக்குப் படுத்தேன்.
என் மேலேயே மூத்திரம் பெய்தது, சூடாக.
பரவாயில்லை, சிறுநீரகம் வேலை செய்கிறது.

மூரா, என்றேன், ரொட்டிக்கடையின் பெயர்.
பாத்ரோனி, என்றேன், மருந்துக்கடை வைத்தது.
லோபியோ, என்றேன்.
காது அசையவில்லை.
விடிகாலையில் பசி தாங்காமல்
பாலாடைக்கட்டி ரொட்டியின் காகிதத்தைப் பிரித்தேன்.
சரசரவென்ற அந்தச் சத்தத்துக்கு
ஒரு கண் திறந்தது.

கணினி வெற்றுக் கட்டத்தை ஏற்பதில்லை.
உரிமையாளர் பெயர் என்ற இடத்தில்
எல்லாரையும் தட்டச்சு செய்தேன்.
கொஞ்சம் எழுத்துக்குத்தான் இடம்:
அவ்தாந்தில், த்ஸியாலா, மரு
என்று பாதியில் அறுந்து நின்றது.
பள்ளிக்கூடம் உள்ளே வரவே முடியவில்லை.
அப்படியே சேமித்துவிட்டேன்.

முதல் வண்டி எடுப்பதற்கு முன்
அவ்தாந்தில் வந்தார், பின்கதவு வழியே,
இந்த முறை தட்டிவிட்டு.
சில்லறை எண்ணுகிறவர் போலக்
குனிந்து எண்ணினார்.

"மூணு இருக்கே," என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து:
"என் வண்டியும் மூணு சிலிண்டரில்தான் ஓடுது."

நேற்றைய மழைக்கோட்டைக் கேட்டார்.
அது இன்னும் உலர்த்தியில் இருந்தது,
முடியோடு.