மறியல்

பத்தொன்பதாம் நாள். டண்டெனோங் தெற்கு.
கேட்டுக்கு வெளியே பலகைத் தட்டுகளை உடைத்து
டிரம்முக்குள் எரிக்கிறோம்.
ஃபெடு வெங்காயம் வதக்குகிறான். சொசேஜ் வாசனைக்கு
மேனேஜரின் நாய்கூட எங்கள் பக்கம் வந்துவிட்டது.
நாய்க்கு யூனியன் கார்டு கொடுக்கலாமா என்று
வாக்கெடுப்பு நடந்தது.
குர்பான் அலி மட்டும் எதிர்த்தார்.

"உனக்குத்தானே அந்தப் பாஷை தெரியும், நீ எழுது"
என்றாள் ஹான்.
ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு கொட்டகை.
அதே குளிரறைக் கதவு ரப்பர், அதே நீல லேபிள்.
இங்கே ஓடாமல் கிடந்த அச்சுகளைப் பின்கேட்டால் எடுத்து
இரவோடிரவாக அங்கே பறக்கவிட்டார்களாம்.

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து முழங்காலில் வைத்தேன்.
அன்புள்ள என்றால் மாமாவுக்கு எழுதுகிற கடிதம்.
மதிப்பிற்குரிய என்றால் விசா அலுவலகம்.
தோழர்களே,
எங்கட ஊரில் அந்தச் சொல்லைச் சொன்ன வாய்கள்
எந்தெந்தத் துவக்குக்குப் போயின என்ற கணக்கு
எனக்கு இன்னும் முடியவில்லை.
வெட்டினேன். வேறு கிடைக்கவில்லை. திரும்ப எழுதினேன்.

"நாங்கள் மறியலில் இருக்கிறோம்."
இந்த வரியை வவுனியாவில் அக்கா படித்தால்
செருப்பில்லாமல் கோயிலுக்கு ஓடுவாள்.
எங்களுக்கு மறியல் என்றால் கம்பிக்கு உள்ளே.
அவர்களுக்கு மறியல் என்றால் வாசலுக்கு வெளியே.
கிறிஸ்மஸ் தீவில் பதினான்கு மாதம்,
இந்தக் கேட்டில் பத்தொன்பது நாள்.
ஒரே சொல்லின் இரண்டு பக்கமும்
குந்தியிருந்தவன் நான்.

கீழே: "அச்சு வந்தால் இறக்க வேண்டாம்.
கேட்கக் கூச்சமாக இருக்கிறது."
ஹான் படம் எடுத்து அனுப்பினாள்.

இங்கே காலை ஆறு. அங்கே இரவு ஒன்றரை, டீ இடைவேளை.
பதில் குரலாக வந்தது.
குரலுக்குப் பின்னால் எங்கள் பிரஸ்ஸின் மூச்சு,
அதே இருநூறு டன், அதே இடத்தில் விக்கல்.

"அண்ணே, நான் ஏகவல்லி, ட்ரிம்மிங். காண்ட்ராக்ட்தான்.
மறியல்னா எங்களுக்குத் தெரியும்ணே.
போன ஐப்பசியில நாங்களும் பதினோரு நாள் உக்காந்தோம்.
அப்ப எங்க மோல்டு எங்க போச்சுன்னு
யாரும் சொல்லல.
உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்.
பெட்டியைத் திறந்தவன் நான்.
இரும்பின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம்,
ஆயுத பூஜைக்கு யாரோ விரலால் வைத்தது.
தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன்.
துடைக்க முதல் கொஞ்சம் நின்றேன்,
அவ்வளவுதான்.
ஐந்து சனிக்கிழமை, இரட்டைச் சம்பளம்.
இப்போது போட்டிருக்கிற ஜாக்கெட் அந்தக் காசு.

"என்ன சொல்கிறாள்?" எல்லோரும் கேட்டார்கள்.
சொன்னேன்.
என் ஆங்கிலம் இவ்வளவு பிசகாமல் வந்த நாள் வேறில்லை.
ஃபெடு காஸை அணைத்தான்.
குர்பான் அலி கையுறையைக் கழற்றி
விரல் மடக்கினார்: எனக்கு நாலு.
ஹான்: ஆறு.
லொறி ஒன்று வந்து, எங்களைப் பார்த்துத் திரும்பிப் போனது.
வழக்கமாகக் கைதட்டுவோம்.

புதிய அட்டை. முதலில் சனிக்கிழமைகளை எழுதினோம்,
ஆளாளுக்கு, பெயரோடு.
கேட்க வேண்டியதற்கு இடம் போதாமல்
கடைசியில் எழுத்துச் சிறுத்துவிட்டது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பதினொன்று இருபதுக்கு ஒரு படம்:
ஆணி கழற்றாத பெட்டி,
மேலே நாலு டிபன் பாக்ஸ், ஒரு ஹெல்மெட்.
"ராத்திரி ஷிஃப்ட்டு இறக்கல.
பகல் ஷிஃப்ட்டுக்கு நான் பேச முடியாதுண்ணே.
மணி ஏழு ஆகப்போகுது, பஸ் வந்திரும்."

தோழர் ஏகவல்லி, என்று தொடங்கி
பகல் ஷிஃப்ட்டில்
யாருடைய நம்பர் இருக்கிறது என்று கேட்டேன்.