கைநாட்டு

குதைபியா டைப்பிங் சென்டரில்
செவத்தையாவின் மனுவை அரபியில் அடித்தது நான்தான்.
பதினோரு மாதச் சம்பளம் பாக்கி.
பாக்கி அவர்கள் சொல்தான்,
நம்மூர் வந்து இத்தனை காலம் கழித்துத் திரும்புகிறது
என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

தொழிலாளர் குழு கூடியது.
கோரம் இல்லையாம்.
மறுபடி கூடி
மசோதாவின் நாலாம் பிரிவில்
'கொடுக்க வேண்டும்' என்பதைக்
'கொடுக்கலாம்' என்று திருத்திவிட்டு
தேநீருக்குக் கலைந்தது.

ஏழாவது வாரம் மனு வந்தது,
ஓரத்தில் பச்சை மையில்:
ரேகை தெளிவில்லை.

பெருவிரலை எச்சில் தொட்டு
சட்டையில் தேய்த்து
பேடில் அழுத்தி அழுத்தி வைக்கிறார்.
கரும்பொட்டு.
ஒரு கோடு விழவில்லை.

"சிமெண்ட்ல இருக்கும் சார்,
ஸீஃப்ல, பதினாலாவது மாடி.
படிக்கட்டு ஓரமாப் பாக்கச் சொல்லுங்க."